ஆல்-இன்-ஒன் கணினி சூடாகிறதா? முதலில் எதைப் பார்ப்பது, எங்கே கை வைப்பது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் ஓடிய 24 அங்குல ஆல்-இன்-ஒன் கணினி, அதாவது திரைக்குப் பின்னாலேயே கணினி முழுதும் அடங்கிய ரகம். போட்ட அரை மணி நேரத்தில் ஃபேன் இரைய ஆரம்பிக்கிறது. பின்பக்கம் மேல் ஓரத்தில் கை வைக்க முடியவில்லை. வீடியோ காலின் நடுவில் எல்லாம் ஆமை வேகத்துக்குப் போய்விடுகிறது. இரண்டு முறை தானாகவே அணைந்தும்விட்டது. வெப்பம் காட்டும் மென்பொருளில் பார்த்தால் 97 டிகிரி. மதர்போர்டு போய்விட்டது என்கிறார் ஒருவர். பின்னால் ஒரு டேபிள் ஃபேன் வைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேரையும் விட்டுவிடுங்கள். இருவரும் மருந்து சொல்கிறார்கள்; நோய் என்னவென்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தவரை, ஆல்-இன்-ஒன் கொதிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு பாகம் செத்துப்போனது அல்ல. சூடு வெளியேறும் வழி எங்கோ அடைபட்டிருக்கும். எங்கே என்பதை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமலே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அந்த 97. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு உச்சவரம்பு 100 டிகிரி. ஏஎம்டியில் பொதுவாக 90, 95 என்று இருக்கும். வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி ஏறினால் கணினியையே அணைத்துவிடும். ஆகவே 97 என்றால் சிப் கருகுகிறது என்று பயப்பட வேண்டாம்; கூரையில் தலை இடித்தபடி வேலை செய்கிறது, அவ்வளவுதான். வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலையில் மெல்லிய ஆல்-இன்-ஒன் ஒன்று 90ஐத் தாண்டுவது பல மாடல்களில் சகஜம். நாலு டேப் திறந்து மின்னஞ்சல் படிக்கும்போதும் 97 என்றால்தான் நோய்.

அதனால் டிகிரியை மட்டும் பார்க்காதீர்கள், வாட்டையும் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸுக்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் சென்சார் பக்கத்தைத் திறந்தால் பிராசஸரின் வெப்பம், அது இழுக்கும் வாட், டிஸ்க்கின் வெப்பம், சில மாடல்களில் ஃபேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது வரை எல்லாம் வரிசையாக வரும். பிராசஸர் 50, 60 வாட் இழுத்து 95 டிகிரி போனால், கூலிங் தன்னால் முடிந்ததைச் செய்கிறது, வேலைதான் அதிகம். வெறும் 15 வாட் இழுக்கும்போதே 95 என்றால் கூலிங் படுத்துவிட்டது. 15 வாட் என்பது ஒரு எல்ஈடி பல்பு இழுக்கும் அளவு. அதைக்கூட வெளியேற்ற முடியவில்லை என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது அல்லது ஏதோ ஒன்று சரியாக ஒட்டவில்லை.

அடைப்பா, ஒட்டாமையா? இதற்கு நேரம் பதில் சொல்லும். கணினி ஆறியிருக்கும்போது போட்டு, பத்து நிமிடம் சும்மா விட்டு, திடீரென்று ஒரு கனமான வேலை கொடுங்கள். பெரிய ஃபோல்டர் ஒன்றை ஜிப் செய்யச் சொன்னாலே போதும். வெப்பம் 50லிருந்து இரண்டு மூன்று விநாடியில் 95க்குத் தாவி, வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் சடாரென்று இறங்கினால், சிப்புக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையில் தொடர்பு சரியில்லை. இரண்டுக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது அந்தத் தகடு சேர்ந்த குளிர்விக்கும் தொகுதி (ஹீட் சிங்க்) சரியாக அழுந்தவில்லை. அப்படியில்லாமல் பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் வெகுநேரம் இறங்காமல் அடம்பிடித்தால் பேஸ்ட் தன் வேலையைச் செய்கிறது. செம்பு வரை வந்த சூட்டைக் காற்று எடுத்துக்கொண்டு போகவில்லை. காற்று வெளியேறும் இடத்தில் கையைக் காட்டினால் இது இன்னும் தெளிவாகும். சிப் 95ல் இருக்கும்போது வெளியே வரும் காற்று பலமாகவும் ஆறியும் இருந்தால் தொடர்புக் கோளாறு. காற்றே வரவில்லை, வந்தாலும் பெருமூச்சு மாதிரி வெதுவெதுப்பாக வருகிறது என்றால் அடைப்பு. ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை அங்கே பிடித்துப் பாருங்கள், அசைகிறதா என்று.

நீங்கள் சொன்ன அரை மணிக் கணக்கு, பின்பக்கச் சூடு இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்கு அடைப்பின் மேல்தான் சந்தேகம். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் வாய்ப்புண்டு.

இந்த ரகக் கணினியில் இது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்றால், பெயர்தான் டெஸ்க்டாப். பல மாடல்களில் உள்ளே இருப்பது நிமிர்த்தி நிறுத்திய லேப்டாப். டவர் கணினியில் கையகல ஃபேன் இரண்டு மூன்று இருக்கும், காற்று நாலு பக்கமும் புழங்க இடமிருக்கும். இங்கே திரைக்குப் பின்னால் சில விரல் கனத்தில் எல்லாம் அடங்க வேண்டும். சிப்பின் மேல் ஒரு செம்புத் தகடு. அதிலிருந்து சூட்டைக் கடத்திச் செல்லும் தட்டையான குழாய், ஹீட் பைப். அதன் மறு முனையில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமான உலோகத் தகடுகள். அந்தத் தகடுகளுக்கு வாயைக் காட்டியபடி ஒரே ஒரு புளோயர் ஃபேன். கீழ் விளிம்பிலோ பின்பக்கத்திலோ உள்ள துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, மேலே ஒரு நீளக் கீற்று வழியாக வெளியேறும். மூச்சுவிட ஒரே ஒரு மூக்கு. அதைப் பொத்தினால் மாற்று வழி கிடையாது. போதாக்குறைக்குத் திரையின் பின்விளக்கும் அதே பெட்டிக்குள் சூட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் மாடலாக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

வடிவமைப்பவர்களும் இதோடு ரொம்ப காலமாக மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1999ல் வந்த ஐமேக் ஜி3யில் ஆப்பிள் ஃபேனையே எடுத்துவிட்டது. சூடான காற்று தானாக மேலெழும்பி உச்சியில் உள்ள துளைகள் வழியாகப் போய்விடும், புகைபோக்கி மாதிரி. அன்றைய சிப்புகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 2021ல் வந்த 24 அங்குல ஐமேக்கில் பவர் சப்ளையைத் தனி அடாப்டராக்கி வெளியே வைத்துவிட்டார்கள். மெல்லிசாக்குவதற்காகச் செய்ததுதான், ஆனாலும் சூட்டில் ஒரு பங்கு பெட்டிக்கு வெளியே போனது.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். உட்காரும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். அலமாரிக்குள்ளோ, சுவரோடு ஒட்டியோ, மேலே பலகை இடிக்கும் மேசையிலோ வைத்திருந்தால், மேல் கீற்றில் வெளியேறிய சூடான காற்று சுற்றி வந்து கீழே மறுபடி உள்ளே போகும். தான் விட்ட மூச்சைத் தானே இழுப்பது மாதிரி. அறையில் இரண்டு டிகிரி ஏறினால் சிப்பிலும் ஏறக்குறைய அதே இரண்டு டிகிரி ஏறும் என்பது ஒரு நல்ல கணக்கு. கணினியைச் சுற்றி உள்ள அந்தச் சின்ன இடம்தான் அதற்கு அறை. ஒரு மாலை முழுக்க அதை நடு மேசையில், நாலு பக்கமும் திறந்தபடி வைத்து ஓட்டிப் பாருங்கள். எண் கணிசமாகக் குறைந்தால் பாதிப் பிரச்சினை மரச்சாமானில் இருக்கிறது. கீழ் விளிம்பில் காற்று இழுக்கும் மாடல்களில் திரைக்கு அடியில் புத்தகம், கீபோர்டு, துணி எதையும் சொருகி வைக்காதீர்கள்.

டேபிள் ஃபேன் யோசனை முழுக்கத் தப்பில்லை, ஆனால் பலர் வைக்கும் விதம் தப்பு. காற்று வெளியேறும் கீற்றைப் பார்த்து ஊதினால், உள்ளே உள்ள சின்ன ஃபேன் தள்ளும் காற்றை வெளி ஃபேன் திருப்பித் தள்ளும். இரண்டும் சண்டை போட்டு வெப்பம் இன்னும் ஏறும். வைத்தே ஆக வேண்டுமென்றால் காற்று நுழையும் பக்கமாக, கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதுவும் இப்போதைக்குச் சமாளிக்கத்தான்.

அடுத்து, பிராசஸர் தேவையில்லாமல் உழைக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு (பிராசஸர்) என்ற தலைப்பை அழுத்தி வரிசைப்படுத்தினால் எந்த மென்பொருள் தின்கிறது என்று தெரியும். வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு ஃபிரேமிலும் உங்கள் தலையை அறையிலிருந்து வெட்டி எடுக்கும் வேலை அது. பழைய பிராசஸரில் அந்த ஒன்றே ஃபேனை இரைய வைக்கும். அணைத்துவிட்டு வித்தியாசம் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. இணைய வீடியோக்கள் இப்போது பல இடங்களில் ஏவி1 என்ற வடிவத்தில் வருகின்றன. அதை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் வசதி இன்டெல்லில் 2020ல் வந்த பதினோராம் தலைமுறைச் சிப்புகளில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய சிப்பு உள்ள கணினியில், தனி கிராபிக்ஸ் சிப் கைகொடுத்தால் ஒழிய, அந்த வேலை முழுக்க பிராசஸரின் தலையில் விழும். படம் பார்க்க மட்டும்தானே போட்டேன், இதற்கா இவ்வளவு சூடு என்று தோன்றுவது இதனால்தான். பழைய ஹெச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சிகள் கிடைக்கின்றன. ஒன்று போட்டுக்கொண்டால் கணினி பெருமூச்சு விடும்.

நான் எந்த ஆல்-இன்-ஒன் கையில் கிடைத்தாலும் முதலில் செய்வது ஒன்று உண்டு: சிப் தன் அடிப்படை வேகத்துக்கு மேல் பாயும் டர்போவை அணைப்பது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் இப்போதைய திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகள், பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட், மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட். அங்கே 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஆனால் 99 என்று போட்டதும் சிப் தன் டர்போ வேகத்துக்குப் போவதையே நிறுத்திவிடும், அடிப்படை வேகத்தில் நிற்கும். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. மின்னழுத்தத்தின் இருமடியோடு சேர்ந்து ஏறுகிறது. கடைசிக் கொஞ்ச வேகத்துக்குக் கொடுக்கும் விலைதான் மிக அதிகம். ஏற்கெனவே சூட்டில் தடுமாறி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும் கணினியில் டர்போ இருந்தும் இல்லாத மாதிரிதான். அதை அணைத்தால் வேலை சில நேரம் முன்பைவிடச் சீராகவே நடக்கும். சில புதிய கணினிகளில் இந்த வரி மறைக்கப்பட்டிருக்கும். அப்போது கணினி போட்டதும் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் டர்போ பூஸ்ட் என்ற இடத்தைத் தேடுங்கள். திரையின் வெளிச்சத்தை 100லிருந்து 60க்குக் கொண்டுவந்தால் அதற்கும் ஒரு சின்னப் பலன் உண்டு, கண்ணுக்கும் நல்லது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. ஆக்டிவிட்டி மானிட்டரில் கெர்னல்-டாஸ்க் என்பது சிபியுவை வாரித் தின்பதாகக் காட்டினால் அது திருடன் அல்ல, காவல்காரன். சிப்பை ஆற வைப்பதற்காக மற்ற நிரல்களுக்கு இடம் கொடுக்காமல் நிற்கிறது. அதை நிறுத்த முயலாதீர்கள்; சூட்டுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இதெல்லாம் செய்தும் 15 வாட்டில் 90 என்றே நின்றால், பிரித்துத்தான் ஆக வேண்டும். இங்கே ஒரு கதை. என் அக்காவின் ஆல்-இன்-ஒன் இதே நிலையில் இருந்தது. பின்பக்கத் துளைகளை வாக்குவம் வைத்து இழுத்தாயிற்று, ஏர் புளோயரால் வெளியிலிருந்து ஊதியாயிற்று, துளைகள் புதுசு மாதிரி பளிச்சென்று இருந்தன. வெப்பம் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளேயும் பெரிய தூசி ஒன்றும் இல்லை, ஃபேன் இதழ்களில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம். ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் ஃபேனின் மேல்மூடியில் இருந்த மூன்று குட்டி ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியை நெம்பித் தூக்கினேன். ஃபேன் வாய்க்கும் அந்தச் சீப்புத் தகடுகளுக்கும் நடுவில், வெளியிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியாத இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு. ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் பட்டையாக, கிழியாமல், முழுசாக வந்தது. நூலிழை, முடி, தூசி எல்லாம் சேர்ந்து திரிந்து நெய்த மாதிரி. ஒரு பக்கம் தகடுகளின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. அதைத் திரும்ப வைத்து ஊதிப் பார்த்தேன், மறுபக்கம் காற்றே வரவில்லை.

ஃபேன் காற்றை உள்ளேயிருந்து தகடுகளின் மேல் தள்ளுகிறது. தூசி தகடுகளின் உள்முகத்தில் வடிகட்டியில் சேர்வது மாதிரி சேர்கிறது. வெளியிலிருந்து ஊதினால் அந்தப் பட்டை கொஞ்சம் பின்னால் நகர்ந்து, ஃபேன் சுற்றியதும் பழையபடி வந்து ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்துவிட்டேன், பலனில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தைத் தொட்டே இருக்க மாட்டார்கள். மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னவரிடம் நான் கேட்கும் ஒரே கேள்வி, ஃபேன் மூடியைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பதுதான்.

பிரிப்பதற்கு முன் உங்கள் மாடல் எந்த ரகம் என்று பாருங்கள். பின்மூடி ஸ்க்ரூவும் கிளிப்பும் மட்டும் உள்ளது என்றால் நீங்களே செய்யலாம். முன்பக்கத் திரை வழியாகத் திறப்பவை வேறு சமாசாரம். 2009 முதல் 2011 வரையிலான ஐமேக்கில் முன் கண்ணாடி காந்தத்தால் ஒட்டியிருக்கும். உறிஞ்சிக் குமிழ் வைத்து எடுத்துவிடலாம். 2012 முதல் வந்த மெல்லிய ஐமேக்கில் திரையே பசைப் பட்டையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், திரும்ப ஒட்டப் புதுப் பட்டை வேண்டும், கை நழுவினால் திரை போயிற்று. அந்த ரகம் என்றால் பழகியவரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பவர் சப்ளை உள்ளே இருக்கும் மாடலில் இன்னொரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, சிறிது நேரம் பொறுத்துத் திறங்கள். அப்போதும் பவர் சப்ளை போர்டின் மேல் விரல் படக் கூடாது. அடாப்டர் வெளியே உள்ள மாடலில் இந்தப் பயம் இல்லை.

மற்றபடி, திரையைக் கீழ்ப்பக்கமாக மெத்தென்ற துணியின் மேல் படுக்க வையுங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம். ஸ்க்ரூக்களை எடுத்த வரிசையிலேயே வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் திரையின் முதுகில் குத்தும். மூடியைத் தூக்கும்போது இழுக்காமல் மெதுவாகத் திறங்கள், ஸ்பீக்கர் அல்லது ஆன்டெனா ஒயர் மூடியோடு சேர்ந்திருக்கலாம். ஊதும்போது ஃபேன் இதழை ஒரு குச்சியால் அடக்கிப் பிடியுங்கள். அது சுர்ரென்று சுற்றுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தாங்கும் வேகத்துக்கு மேல் சுற்றினால் பேரிங் போய்விடும்.

தூசிப் பட்டையை எடுத்த பிறகு ஹீட் சிங்கையும் கழற்றிப் பேஸ்ட் மாற்றலாமா? ஆறு வருடமாகிவிட்டது, திறந்தும்விட்டீர்கள், மாற்றிவிடுங்கள். பேஸ்ட் என்பது சூட்டை நன்றாகக் கடத்துவதால் போடுவதல்ல. செம்பு மீட்டருக்கு டிகிரிக்கு 400 வாட் அளவில் கடத்துகிறது, நல்ல பேஸ்ட் பத்தைத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் காற்று வெறும் 0.026. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் காற்று உட்காராமல் அடைப்பதுதான் பேஸ்ட்டின் ஒரே வேலை. ஆகவே அதிகம் போட்டால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஹீட் சிங்கின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் அச்சிட்டிருக்கும். முடுக்கும்போது அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. கழற்றும்போது எதிர் வரிசை. பழைய பேஸ்ட் காய்ந்து, வெடித்த சேறு மாதிரி செதில் செதிலாக வரும். 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். லேப்டாப் ரகச் சிப்புகளில் மேலே உலோக மூடி கிடையாது, கண்ணாடி மாதிரி பளபளக்கும் சிலிக்கான் அப்படியே தெரியும். அதன் ஓரம் சுலபமாகப் பெயரும், இரும்பு எதையும் கொண்டு சுரண்டாதீர்கள்.

பக்கத்தில் உள்ள மெமரி சிப், மின்சாரம் சீராக்கும் பாகங்கள் இவற்றின் மேல் மெத்து மெத்தென்று தெர்மல் பேட் ஒட்டியிருக்கும். நல்ல நிலையில் இருந்தால் தொடாதீர்கள். கிழிந்துவிட்டால் அதே கனத்தில்தான் புதிது போட வேண்டும். அரை மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் போட்டால் ஹீட் சிங்க் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு பிராசஸரைச் சரியாகத் தொடாது; சுத்தம் செய்த பிறகு முன்பைவிடச் சூடாகிறது என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பேஸ்ட்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் என்று ஒன்றை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். ஆல்-இன்-ஒன்னில் போர்டு நின்ற வாக்கில் இருக்கிறது. ஒரு சொட்டு வழிந்தால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஃபேன் இரைச்சலிலும் இரண்டு வகை உண்டு. ஹூம் என்று சீராக இரைந்தால் அது நல்ல ஃபேன். சூட்டைப் பார்த்து வேகமாகச் சுற்றுகிறது. கரகரவென்றோ டிக் டிக்கென்றோ சத்தம் வந்தால், அல்லது விரலால் சுண்டினால் உடனே நின்றுவிட்டால், பேரிங் தேய்ந்துவிட்டது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சில வாரம் ஓடும், பிறகு பழைய கதைதான். ஃபேனின் முதுகில் ஒட்டியிருக்கும் பாக எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் 5 வோல்ட், 12 வோல்ட் வித்தியாசம் உண்டு, இணைப்பியின் முள் வரிசையும் மாறும்.

பிராசஸர் மட்டும்தான் சூடாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஆல்-இன்-ஒன்னில் ஹார்டு டிஸ்க் இருந்தால் அது அமைதியாக வெந்துகொண்டிருக்கும். பிராசஸருக்கு 80 ஒன்றுமில்லை. ஹார்டு டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் போடும் வரம்பு பெரும்பாலும் 60. ஐம்பதுக்குள் இருப்பது நிம்மதி. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றினால் சூடும் குறையும், கணினிக்குப் புது உயிரும் வரும். ஆனால் 2009 முதல் 2011 வரையிலான ஐமேக்கில் டிஸ்க்கின் வெப்பத்தை அறிய ஆப்பிள் ஒரு தனி ஏற்பாடு வைத்திருந்தது. டிஸ்க்கை மட்டும் மாற்றினால் அந்தத் தகவல் வராமல், ஃபேன் பயந்துபோய் முழு வேகத்தில் கத்தும். அதற்கென்று சென்சார் ஒயரும் ஃபேனைக் கட்டுப்படுத்தும் மென்பொருளும் தனியாகக் கிடைக்கின்றன. இன்னொன்று, மின்சாரப் பகுதியில் உள்ள உருளைக் கெப்பாசிட்டர்கள். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுவியலில் உள்ளவர்கள் கையாளும் பழைய கணக்கு. இப்போது உங்கள் கணினி எப்படியோ ஓடுகிறதே என்று 90லேயே விட்டால், முதலில் போகப்போவது பிராசஸராக இருக்காது, இவைதான்.

தானாக அணைந்தது சூட்டினால்தானா என்பதையும் சோதித்துவிடுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். பலர் அதைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் எண்களைக் கோப்பில் பதிந்துகொண்டே போகும் லாகிங் வசதியைப் போட்டுவிட்டு வழக்கம்போல வேலை செய்யுங்கள். அணைந்தால் மறுபடி போட்டு அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். 100ஐத் தொட்டபடி முடிந்திருந்தால் சூடு. 65, 70ல் திடுமென முடிந்திருந்தால் பவர் சப்ளையையோ அடாப்டரையோ சந்தேகியுங்கள். அடாப்டர் கம்பளத்துக்கு அடியில் புதைந்து கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை.

தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றி, ஃபேனும் நன்றாகச் சுற்றுகிறது, இருந்தும் 15 வாட்டில் 90தான் என்றால் ஹீட் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். அடாப்டர் வெளியே உள்ள மாடலில் மட்டும், பிளக்கைக் கழற்றிய கையோடு, சிப்புக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு விரல், தகடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல். உள்ளே வெற்றிடத்தில் துளித் தண்ணீர் ஆவியாகி மறு முனைக்கு ஓடி, குளிர்ந்து திரும்புவதுதான் அந்தக் குழாயின் சூட்சுமம். நல்ல குழாயில் இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்கும். ஒரு முனை சுட்டு மறு முனை சில்லென்று இருந்தால் குழாய் கசிந்து செத்துவிட்டது. அப்போதும் மாற்ற வேண்டியது ஹீட் சிங்க் தொகுதியை, மதர்போர்டை அல்ல. திரையில் கோடுகள், கட்டம் கட்டமாக நிறம் சிதறுவது, போட்டால் உயிரே வராதது, இவை இருந்தால் மட்டும் போர்டு பேச்சை எடுங்கள். போர்டை அடுப்பில் சுட்டெடுத்தால் சரியாகும் என்று ஒரு வித்தை உலவுகிறது. சில நாள் ஓடி மறுபடி விழும், நடுவில் மற்ற பாகங்களையும் வாட்டும்.

கடைசியாக, மூடியைத் திறந்து வைத்தபடி ஓட்டி வெப்பத்தை அளக்காதீர்கள். மூடி இருந்தால்தான் ஃபேன் இழுக்கும் காற்று போர்டின் மேல் தவழ்ந்து வரும். திறந்திருந்தால் குறுக்கு வழியில் வந்துவிடும், எண் ஏமாற்றும். முழுக்க மூடி, நிமிர்த்தி, வழக்கமான இடத்தில் வைத்து, பிரிப்பதற்கு முன் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள். அறை வெப்பம், வாட், டிகிரி, தேதி நான்கையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஸ்டாண்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் ஃபேன் மறுபடி இரைய ஆரம்பிக்கும்போது அந்த டேப்பைப் பார்த்தாலே, பட்டை மறுபடி வளர்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் ஆறு மாதத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.